மார்ச் மாதத்துப் படம்

ஊசி போட்ட பிறகு பேசக் கூடாது. பேசினால் குரல்வளைத் தசைகள் மருந்தை இழுத்துக்கொள்ளும். படத்தில் கழுத்து பற்றி எரிவதுபோலத் தெரியும். மருந்து என்பது கதிரியக்கம் ஏற்றிய சர்க்கரைதான். உடம்பில் எது அதிகப் பசியோடு இருக்கிறதோ அது அதிகமாகத் தின்னும். புற்றுக்கு எப்போதும் பசி.

பெரம்பலூரில் துறையூர் சாலையில் இருக்கும் அந்த ஸ்கேன் சென்டரில் மணிமொழி தினமும் இதைத்தான் சொல்கிறாள். காலையில் சென்னையிலிருந்து மருந்து காரில் வரும். ரஞ்சன்குடி தாண்டும்போது ஓட்டுநர் போன் செய்வார். அப்போது முதல் ஆளை உள்ளே கூப்பிடுவாள். ஊசி போட்டு, போர்வை போர்த்தி, பேசாமல் இருங்கள் என்பாள். வயல் வேலைக்காரர்கள், சுரங்க வேலைக்காரர்கள், டீச்சர்கள் எல்லோரும் கேட்பார்கள். அதிகம் பேசியே பழகாதவர்கள்போல அப்படியே உட்கார்ந்துவிடுவார்கள்.

இன்று நாற்காலியில் இருந்தது அவளுடைய அண்ணன் வீரமணி. அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் மண்வெட்டும் இயந்திரம் ஓட்டுகிறவன். இன்ஜின் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசியே பழகியவன்.

“எவ்ளோ நேரம் புள்ள இப்டியே இருக்கணும்?”

“ஒரு மணி நேரம்ணே. இனிமே வாயத் தொறக்காத.”

“உங்க அண்ணிகிட்ட மட்டும் சொல்லிராத. தெனம் ஒண்ணு வாங்கியாந்து குத்திருவா.”

“அண்ணே.”

அவன் பள்ளிக்கூடத்துப் பையன்போல வாயில் விரலை வைத்துக்கொண்டான். கண்கள் மட்டும் சிரித்தன. அவள் போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டு வெளியே வந்தாள். அந்த அறை எப்போதும் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். உடம்பு குளிர்ந்தால் கொழுப்பு தன்னைச் சூடாக்கிக்கொள்ளச் சர்க்கரையை எரிக்கும், படம் கெட்டுவிடும். பயிற்சிக் காலத்தில் முதலில் கற்றுக்கொடுத்த விதிகளில் அதுவும் ஒன்று.

கதவை மூடிய பிறகு அந்தச் சிரிப்பு அவள் கண்ணில் நெடுநேரம் நின்றது. போன வருடம் திருச்சியில் அவனுடைய பெருங்குடலில் ஒரு துண்டை வெட்டி எடுத்தார்கள். பிறகு மாதக்கணக்கில் மருந்து ஏற்றினார்கள். எல்லாம் முடிந்து மார்ச்சில் இதே சென்டரில், இவளே எடுத்த ஸ்கேனில், நோய் எங்கும் இல்லை என்று அறிக்கை வந்தது. கிடா வெட்டினார்கள். அவன் சுரங்கத்துக்குத் திரும்பினான். இப்போது ரத்தப் பரிசோதனையில் ஏதோ ஓர் எண் ஏறிவிட்டது. திருச்சி சர்ஜன் ஒளிக்காமல் சொன்னார்: “இது கல்லீரலுக்குத்தான் போகும். அங்க இருந்தா வெட்டி எடுக்கப் பாக்கலாம். ஆனா எண்ணிக்கைய விட அது என்ன வேகத்துல வளருதுங்கறதுதான் எனக்கு முக்கியம். மெதுவா வளர்றதைத்தான் வெட்ட முடியும்.”

பிழைப்பதற்கு இருந்த ஒரே வழி அந்தக் கத்திதான். வீட்டில் எல்லோருக்கும் அது தெரியும். யாரும் அதைப் பேசவில்லை.

ஸ்கேன் அறைக்குள் வந்ததும் வீரமணிக்கு உடம்பு நடுங்கியது.

“என்னாடி இது, ஐஸ் பொட்டி மாதிரி. போன தடவ இப்டி இல்லியே.”

“போன தடவ ஏசிக் குளுரக் கொறச்சு வச்சிருந்தேன். இப்பத் தொடக் கூடாதாம். இன்ஜினியர் ரிமோட்டப் பூட்டி வச்சிட்டாரு.”

“யாரு, அந்த வரதராசன்பேட்டை ஆளா? மனசு கல்லு போலருக்கு.”

இன்னொரு போர்வையும் போர்த்திவிட்டாள். அவன் படுத்த பலகை இயந்திரத்தின் வளையத்துக்குள் மெல்ல நகர்ந்தது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அவள் திரையைப் பார்த்தாள்.

படம் கீழிருந்து மேலாகத் துண்டு துண்டாக வரும். தொடை, இடுப்பு, குடல். அதுவரை எதுவும் இல்லை. கல்லீரல் வந்தபோது அவள் நாற்காலியை முன்னால் இழுத்தாள். நான்கு புள்ளிகள். உள்ளங்கையில் சிதறிய மிளகுபோலத் தெளிவாக, விளிம்பு கூர்மையாக. மிகப் பெரியது கல்லீரலின் உச்சியில், நுரையீரல் தொடங்கும் இடத்தில் இருந்தது. இவ்வளவு துல்லியமான படத்தை இந்த இயந்திரத்தில் போன வாரத்துக்கு முன் அவள் பார்த்ததே இல்லை.

வெளியே வந்ததும் வீரமணி கட்டைவிரலை உயர்த்திக் காட்டி, புருவத்தால் கேட்டான்.

“டாக்டர் பாத்துட்டுச் சொல்லுவாருண்ணே” என்றாள். எல்லோரிடமும் சொல்கிற அதே குரலில்தான் சொன்னாள். அவன் கட்டைவிரல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டுத் தாழ்ந்தது.

ஸ்கேன் அறிக்கை எழுதும் ராஜராஜன் டாக்டர் பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தார். அதிகம் பேசாதவர். பேனாவின் மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டினார்.

“மார்ச்ல சுத்தமா இருக்கு. அதுக்குள்ள நாலு. ரொம்ப வேகம்மா.”

“வெட்ட முடியாதா சார்?”

“நாலுங்கறது பெரிசில்ல. ஒண்ணுமே இல்லாத எடத்துல ஆறு மாசத்துல நாலு வந்திருக்கே, அதுதான். இந்த வேகத்துக்குத் திருச்சி சர்ஜன் கத்தி எடுக்க மாட்டாரு. தையல் ஆறுறதுக்குள்ள அடுத்தது வந்து நிக்கும்.” கொஞ்சம் பொறுத்து, “உங்கண்ணன்னு தெரியும். வேற மாதிரி சொல்லத் தெரியல” என்றார்.

அவள் இரண்டு படங்களையும் பார்த்தபடி நின்றாள். மார்ச் மாதத்துப் படம் மென்மையாக இருந்தது. ஆவி படிந்த கண்ணாடி வழியாகப் பார்ப்பதுபோல. போன வாரம்வரை எல்லாப் படங்களும் அப்படித்தான் இருந்தன. இயந்திரத்துக்கு வயதாகிவிட்டது என்று அவள் நினைத்திருந்தாள்.

இயந்திரத்தைக் கவனிக்கும் இன்ஜினியர் டோமினிக் பின்பக்கத்தில் சில்லரின் குழாய்களைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். சில்லர் என்பது வளையத்தைச் சுற்றிக் குளிர்ந்த நீரை ஓடவிடும் பெட்டி. போன வாரம்தான் புதியது மாற்றினான். சரியாக ஓடுகிறதா என்று இன்று பார்க்க வந்திருந்தான்.

“வாங்கக்கா. படம் எப்டி? அரிசியில கல்லு பொறுக்கலாம் போல இல்ல?”

“டோமினிக், நீ எதுக்கு ரிமோட்டப் பூட்டுன?”

“பூட்டாட்டி நீங்க ஏசிய இருவத்தஞ்சு டிகிரிக்கு ஏத்திருவீங்களே. பழசக் கழட்டும்போதே பாத்தேன், அந்த வெப்பத்துக்கு அது மூச்சு வாங்கிருக்கு. புதுசயாவது கொல்லாம விடுங்கன்னுதான்.”

“ஏத்தினா படத்துக்கு என்ன ஆவும்?”

அவன் துணியில் கையைத் துடைத்துக்கொண்டான்.

உடம்புக்குள் மருந்தின் ஓர் அணு சிதையும்போது இரண்டு கதிர்கள் எதிரெதிர்த் திசையில் புறப்படுகின்றன. வளையத்தின் இரு பக்கத்திலும் படிகங்கள். கதிர் பட்டதும் படிகம் ஒரு கணம் மினுங்கும். அந்த மினுக்கத்தைப் பார்க்கத் தானிய மணியளவு ஒளி உணரிகள் ஆயிரக்கணக்கில் பதிக்கப்பட்டிருக்கின்றன. வலப்பக்கத்து உணரி முந்தியதா, இடப்பக்கத்து உணரியா, எவ்வளவு முந்தியது என்பதை வைத்துத்தான் அணு எங்கே சிதைந்தது என்று இயந்திரம் கணக்கிடுகிறது. ஒளி ஒரு நொடியில் பூமியை ஏழு முறைக்கு மேல் சுற்றிவிடும். அந்த ஒளி ஒரு மனிதனின் வலது விலாவிலிருந்து இடது விலாவுக்குப் போகும் நேரத்தை என்ன பெயர் சொல்லி அழைப்பது? உணரிகள் அதைவிடச் சிறிய வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். வெப்பம் கூடினால் அவை தடுமாறும். இருளிலேயே மினுக்கம் பார்த்ததாகச் சொல்லும். வந்த நேரத்தை முன்னும் பின்னுமாகச் சொல்லும். இயந்திரம் அதையெல்லாம் உண்மை என்று நம்பிப் படம் வரையும்.

இவ்வளவையும் டோமினிக் தன் பாணியில் சொல்லி முடித்து, “சுருக்கமாச் சொன்னா, நீங்க ஆளுக்குக் குளுருதுன்னு பாத்தீங்க, மிஷினுக்கு வேத்துப் போச்சு” என்று சிரித்தான். பிறகு அவள் முகத்தைப் பார்த்தான். சிரிப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றான்.

“தினம் காலையில சோதிக்கிறனே. பச்சை டிக் வந்துதான ஆளயே ஏத்துறேன்.”

“எத்தன மணிக்கி? ஆளே வராதப்ப. ராத்திரி பூரா ஏசி ஓடிச் சில்லுன்னு இருக்கறப்ப. அப்பப் பச்சைதான் வரும்.”

அது உண்மை. காலையில் சோதித்துவிடுவாள். பிறகு முதல் ஆள் வருவார். இந்த மண்ணின் வெயிலிலேயே கிடந்து பழகிய உடம்பு, மெல்லிய கவுனோடு அந்தப் பலகையில் படுத்ததும் பல் அடிக்கும். கைகளைத் தலைக்கு மேல் தூக்கி வைத்துக்கொண்டு, ஒன்றும் கேட்காமல், நடுங்கிக்கொண்டே கிடப்பார்கள். பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அவளால் முடியாது. வெதுவெதுப்பாக வை என்ற விதி காத்திருக்கும் அறைக்கு உரியது. அவள் அதைச் சுவருக்கு இந்தப் பக்கமும் கொண்டுவந்துவிட்டாள். எச்சரிக்கை ஒலிக்கும் எல்லைக்குக் கீழேதான் வைத்தாள். அதனால் எதுவும் ஒலித்ததில்லை.

“காட்டு” என்றாள்.

டோமினிக் பழைய சில்லரின் வேகத்துக்குப் புதியதைக் குறைத்தான். சோதனைக்கு வைத்திருக்கும் சிறிய கதிர்க்குச்சியை வளையத்தின் நடுவில் நிறுத்தினான். ஏசியை அவள் வைக்கிற இடத்துக்கு ஏற்றினான். இருவரும் திரைக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். அறை மெல்லச் சூடேறியது. திரையில் நேரத்தைக் காட்டும் வளைவு முதலில் ஊசிமுனைபோல நின்றது. பிறகு தோள் இறங்கியது. பிறகு பானையின் வயிறுபோல அகன்றது.

அவள் அதிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. டோமினிக்தான் முதலில் பேசினான்.

“அக்கா, அப்ப மார்ச்ல...”

“இருந்திருக்கலாம்.”

“இருந்திருந்தா?”

“இருந்திருந்தா இது மெதுவா வளர்றது. மெதுவா வளர்றத வெட்டுவாங்க.”

படமாக மாறுவதற்கு முந்தைய மூலத் தரவை, கணினியின் வட்டு நிறைந்ததும் இயந்திரம் அழித்துவிடும். அண்ணனுடையதை மட்டும் மணிமொழி தனியாகப் பிரதி எடுத்து வைத்திருந்தாள். ஏன் என்று அப்போது யோசிக்கவில்லை. சொந்தக்காரர்களின் எக்ஸ்ரேயைத் தூக்கி எறிய மனம் வராதல்லவா, அப்படித்தான். டோமினிக் அதை ஏற்றினான். உணரிகள் சொன்ன நேரத்தை முழுவதும் தள்ளிவிட்டு, எந்த இரண்டு படிகங்கள் மினுங்கின என்பதை மட்டும் வைத்துப் படத்தை மறுபடி வரையச் சொன்னான். பொய் சொன்ன சாட்சியை வெளியே அனுப்பிவிட்டு வழக்கைத் திரும்ப விசாரிப்பதுபோல.

படம் வந்தது. மழை நாள் தொலைக்காட்சிபோலப் புள்ளி புள்ளியாக இருந்தது. கல்லீரலின் உச்சியில், நுரையீரல் தொடங்கும் இடத்தில், மற்றவற்றைவிடச் சற்றே கனமான ஒரு புள்ளி.

“அக்கா, இருக்கு!” டோமினிக் எழுந்துவிட்டான். “இன்னிக்கிப் பெரிசா இருக்கே, அதே எடம். மாதா சத்தியமா இருக்கு.”

மணிமொழிக்குக் கைகள் சூடாகின. அண்ணனின் கல்லீரலில் புற்று இருப்பதைப் பார்த்து அவள் மகிழ்ந்தாள். அந்த மகிழ்ச்சிக்கு என்ன பொருள் என்று பிறகு நெடுநாள் யோசித்தாள். அப்போது யோசிக்கவில்லை, டாக்டர் அறைக்கு ஓடினாள்.

ராஜராஜன் டாக்டர் எல்லாவற்றையும் கேட்டார். ஏசி, சில்லர், அகன்ற வளைவு.  பிறகு அந்தப் படத்தை மட்டும் வெகுநேரம் பார்த்தார். சுவரில் மின்விசிறியின் நிழல் சுற்றியது. வெளியே யாரோ ஒரு டோக்கன் எண்ணைக் கூப்பிட்டார்கள். 

“நீங்க சொன்ன பிறகு தெரியுது” என்றார்.

“இருக்கு இல்லைங்களா சார்?” என்றான் டோமினிக்.

“இங்க வாங்க.” பேனாவால் கல்லீரலின் கீழ்ப்பக்கத்தைக் காட்டினார். அங்கேயும் ஒரு புள்ளி. அதே கனம். “இது?”

அவரே இன்றைய படத்தைப் பக்கத்தில் நகர்த்தி வைத்தார்.

“இன்னிக்கிப் படத்துல அந்த எடத்துல ஒண்ணுமே இல்ல. அப்ப இது வெறும் இரைச்சல். இது இரைச்சல்னா அது மட்டும் எப்படி உண்மை? நமக்கு வேணுங்கற எடத்துல இருக்கறதால.”

“சார், ஆனா அதே எடம்...”

“டோமினிக், நானும் அது இருக்கணும்னுதான் பாக்குறேன். அதான் பயமா இருக்கு.” அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். “ஒண்ணு பண்ணலாம். மார்ச் அறிக்கை செல்லாதுன்னு எழுதித் தரேன். என் கையெழுத்துத்தான், நானே அடிக்கிறேன்.” நிறுத்தினார். “அந்த ஆறு மாசத்துல நாம பாத்த மத்தவங்களையும் கூப்பிடணும்.”

மணிமொழி தலையசைத்தாள். முகங்கள் வரிசையாக வந்தன. கைகளைத் தலைக்கு மேல் தூக்கியபடி, இப்போ குளுரு இல்லம்மா, நல்லா இருப்ப என்று சொன்னவர்கள். அவள் அவர்களை நினைக்காமல் இருக்கப் பார்த்தாள்.

திருச்சி சர்ஜனை டாக்டர் போனில் பிடித்து, எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டார். அவர் பொறுமையாகக் கேட்டார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது.

“புரியுது சார். அப்ப மார்ச் படத்த நாம மறந்துரணும். இருந்துச்சுன்னும் வச்சுக்க முடியாது, இல்லன்னும் வச்சுக்க முடியாது. இன்னிக்கி எடுத்ததுதான் முதல் படம்.”

“வெட்டுறத யோசிக்கலாமா?” என்று டாக்டர் கேட்டார்.

“வேகம் தெரியாம எப்டி சார்? வேகம் தெரியணும்னா ரெண்டு படம் வேணும். மருந்து ஏத்துவோம். மூணு மாசம் கழிச்சு இன்னொண்ணு எடுங்க. அது நின்ன எடத்துலயே நின்னா பேசலாம்.”

“நிக்கலன்னா?” மணிமொழி கேட்டாள். யார் கேட்கிறார்கள் என்று அவருக்குத் தெரியாது.

“நிக்கலன்னா கேக்க வேண்டியதே இல்லம்மா.”

போன் அணைந்தது. ஒரு பொருளின் வேகத்தை அறிய அதை ஓடவிட வேண்டும். அவள் அதைப் பத்தாம் வகுப்பில் படித்திருக்கிறாள். அது ஓடும் இடம் தன் அண்ணனின் உடம்பாக இருக்கும் என்று யாரும் சொல்லித் தரவில்லை.

பேருந்து நிலையம்வரை அண்ணனோடு போனாள். அரியலூர் பஸ் நின்றுகொண்டிருந்தது. அவன் ஏறவில்லை. தேநீர்க் கடைப் பக்கத்தில், வெயில் படாத சிமெண்டுக் கட்டையில் உட்கார்ந்தார்கள். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். ஒளி உணரி, நேரம் என்று தொடங்கிப் பாதியில் அவற்றை விட்டுவிட்டு, ஏசியை ஏற்றி வைத்ததையும், படம் கலங்கியதையும், நான்கு புள்ளிகளையும் சொன்னாள்.

“அப்ப மார்ச்ல இருந்துச்சா, இல்லியா?”

“தெரியலண்ணே.”

“தெரிஞ்சுக்கத்தான மிஷினு.”

 பஸ் கிளம்பிப் போனது. அடுத்த பஸ் வந்து அந்த இடத்தில் நின்றது.

“நாந்தான் குளுருதுன்னேன்” என்றான் வீரமணி. “மறந்துட்டியா? பல்லு கடகடன்னு அடிக்குது, எதாச்சும் பண்ணு புள்ளன்னு நாந்தான் கேட்டேன்.”

“நீ கேக்கலண்ணே. நீ கேக்குறதுக்கு முன்னாடியே நான் ஏத்தி வச்சிருந்தேன்.”

“கேட்டேன்” என்றான் அவன். அதற்கு மேல் அவளைப் பேச விடவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, “வீட்டுக்குப் போயி சின்னப் பொண்ணத் தூக்கலாமா?” என்று கேட்டான்.

“இன்னிக்கி வேணாம். மருந்து ஒடம்புல இருக்கும். நாளைக்குத் தூக்கு.”

“ஓடியாந்து காலக் கட்டிக்கும்.”

“அண்ணியப் புடிச்சுக்கச் சொல்லு.”

மூன்றாவது பஸ்ஸில் ஏறினான். ஜன்னலோரம் உட்கார்ந்து நேராக முன்னால் பார்த்தான். கத்திப் பேசும் மனிதன் கையைக்கூட அசைக்கவில்லை. பஸ் அரியலூர் சாலைக்குத் திரும்பிய பிறகும் அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். திரும்பிப் போனால் கூப்பிட வேண்டிய பெயர்கள் காத்திருந்தன.

போன் அடித்தது. அண்ணி கவியா.

“மணி, ஒங்கண்ணன் போன எடுக்க மாட்டேங்குது. என்னா சொன்னாங்க? சொல்லு, எதுவா இருந்தாலும் சொல்லு.”

மணிமொழி வாயைத் திறந்தாள். நான்கு என்ற சொல் நாக்கு வரைக்கும் வந்தது.

“மருந்து ஏத்தணுமாம். மூணு மாசம் கழிச்சு மறுபடியும் எடுக்கச் சொல்லிருக்காங்க அண்ணி.”

“மூணு மாசமா?” கவியாவின் குரல் சட்டென்று இளகியது. “மூணு மாசம் கழிச்சுன்னா அவசரம் ஒண்ணும் இல்லன்னுதான அர்த்தம்? ஆபத்துன்னா ஒடனே படுக்க வச்சிருப்பாங்கல்ல? ஆத்தாடி, காலையிலேர்ந்து பச்சத்தண்ணி எறங்கல எனக்கு. இரு, சின்னவகிட்ட சொல்றேன். ஏய், அப்பாவுக்கு ஒண்ணும் இல்லியாம்டி.”

குழந்தை எதையோ சொல்லிக் கத்துவது கேட்டது. அண்ணி சிரிக்கிறாள் என்று மணிமொழி முதலில் நினைத்தாள், அழுகை அது. ஆறுதலில் வரும் அழுகை. அதைத் தடுக்க அவளிடம் ஒரு வார்த்தை இருந்தது. போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு, அதைச் சொல்லாமல், கேட்டுக்கொண்டே நின்றாள்.